முக்கால் அங்குல உருளை



கவிஞர்கள் கூடியுள்ள அவையில் இரும்பைப் பற்றியும் நீராவியைப் பற்றியும் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் பேசப்பட்டவை பெரும்பாலும் சொல்லைப் பற்றியவை. இன்றைய பொருள் ஒரு சிறு எந்திரம். ஒரு சாணுக்கும் குறைந்த உயரம் உடையது. அது வண்டி இழுப்பதில்லை, மாவு அரைப்பதில்லை, நீர் இறைப்பதுமில்லை. ஒருவர் தம் வீட்டின் பின்புறக் கொட்டகையில், வேலை முடிந்து வந்த மாலை நேரங்களில், மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்து அதைச் செய்து முடிக்கிறார். முடித்தபின் அது ஓடுகிறது. ஓடுவதுபோல் தோன்றுவதில்லை, உண்மையாகவே நீராவியின் விசையால் ஓடுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் இவ்வுரைக்குப் பொருள்.

கடைகளில் விற்கும் பொம்மை ரயில்களைப் பலரும் கண்டிருப்பர். புகைபோக்கி இருக்கும்; சக்கரங்களை இணைக்கும் தண்டு ஏறி இறங்கும்; சிலவற்றில் புகைகூட வரும். உள்ளே இருப்பது மின்கலமும் மோட்டாரும். அந்தத் தண்டு சக்கரத்தை ஓட்டவில்லை; சக்கரம்தான் தண்டை ஆட்டுகிறது. காரியத்தின் தோற்றம் இருக்கிறது, காரணம் இல்லை. மாதிரி எந்திரம் செய்வோர் இத்தகைய ஒன்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவர்கள் அளவில் மட்டும் சிறிதாக, காரணத்தில் முழுமையாக ஒன்றைச் செய்ய விரும்புகிறவர்கள். அது எவ்வளவு கடினம் என்பது செய்யத் தொடங்கிய பின்னரே அவர்களுக்குத் தெரியவருகிறது.

செய்வதற்குரிய முதற்கருவி கடைசல் இயந்திரம். நம் ஊர்ப் பட்டறைகளில் லேத் என்றாலே விளங்கும். ஆயினும் கடைசல் என்ற சொல்லிடம் சிறிது நிற்கலாம். தயிரைக் கடைவதும் மரத்தைக் கடைவதும் தமிழில் ஒரே வினை. கயிற்றை முன்னும் பின்னுமாக இழுத்து மரத்தைச் சுழற்றித் தொட்டிற்காலும் பம்பரமும் செய்த பழைய கடைசற்காரரை நினைவில் கொண்டோர்க்கு, மத்தும் மரமும் ஏன் ஒரே சொல்லுக்குள் வந்தன என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தயிரைக் கடைந்தால் உள்ளிருந்த வெண்ணெய் மேலே வருகிறது. மரத்தைக் கடைந்தால் வேண்டாதது சீவலாக விழ, வேண்டிய வடிவம் நிற்கிறது. ‘கடைந்தெடுத்த’ என்னும் அடைமொழியை வசைக்கு மட்டுமே செலவிட்டு வருவது நம் வழக்கத்தின் சிக்கனக்குறைவு.

பழைய கடைசலில் உளி கையில் இருந்தது. கை நடுங்கினால் பொருளும் நடுங்கியது. 1800ஆம் ஆண்டை ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே உருவாக்கிய கடைசல் இயந்திரத்தில், உளியை ஒரு நகரும் தாங்கி இறுகப் பிடித்துக்கொண்டது. ஒரு நீண்ட திருகு அத்தாங்கியைச் சீராக நகர்த்தியது. பொருளின் செம்மை கையின் உறுதியை விட்டுத் திருகின் செம்மையைச் சார்ந்து நின்றது. அந்த மாட்ஸ்லே தம் பட்டறையில் நுண்ணளவு காட்டும் கருவி ஒன்றை வைத்திருந்தார். அளவு பற்றிய வழக்கு எழுந்தால் அதன் தீர்ப்பே இறுதியானது என்பதால், இங்கிலாந்தின் உயர்நீதிப் பதவியின் பெயராகிய ‘லார்ட் சான்சலர்’ என்பதையே அதற்கு இட்டிருந்தனர். இலக்கிய வட்டம் எதற்கும் அப்படியொரு கருவி வாய்த்ததில்லை. வாய்க்காததும் ஒருவகையில் நன்றே.

வீட்டிலேயே எந்திரம் செய்யும் வழக்கம் இங்கிலாந்தில் ஓர் இயக்கமாக உருப்பெற்ற ஆண்டு 1898. அவ்வாண்டின் தொடக்கத்தில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் ‘மாடல் எஞ்சினியர்’ இதழைத் தொடங்கினார். எழுத்தர்களும் ஆசிரியர்களும் ரயில்வே ஊழியர்களும் அதைப் படித்தனர். அதே ஆண்டில் ஸ்டூவர்ட் டர்னர் என்ற பொறியாளர் சிறு எந்திரங்களுக்கான வார்ப்புகளை விற்கத் தொடங்கினார். அத்தொழில் பின்னர் தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஹென்லியில் நிலைகொண்டது. அவர் விற்றது முடிந்த எந்திரமன்று. வரைபடமும், அச்சில் ஊற்றி எடுத்த கரடுமுரடான வார்ப்பிரும்புத் துண்டுகளும், சில கம்பிகளும், திருகுகளும் மட்டுமே. எந்திரத்தைச் செய்வது வாங்கியவர் பொறுப்பு. அந்நிறுவனத்தின் ‘பத்து வி’ என்னும் சிறு செங்குத்து எந்திரம் தலைமுறை தலைமுறையாகப் புதியவர்களின் முதற்பாடமாக இருந்துவந்துள்ளது. அதன் உருளையின், அதாவது சிலிண்டரின், உள்விட்டம் முக்கால் அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவும் முக்கால் அங்குலம். ஃபிளைவீல் எனப்படும் கனத்த சக்கரத்தின் விட்டம் 3 அங்குலம்.

இதைச் செய்யப் பெரிய லேத் வேண்டுவதில்லை. நாட்டிங்காம் அருகே உள்ள பீஸ்டன் என்ற ஊரில் மைஃபோர்டு நிறுவனம் 1946 முதல் செய்து விற்ற ‘எம்.எல். 7’ என்னும் சிறு லேத், இங்கிலாந்தின் எண்ணற்ற தோட்டக் கொட்டகைகளில் இடம்பெற்றது. (ஊரின் பெயருக்கும் எந்திரத்தின் பிஸ்டனுக்கும் தொடர்பில்லை, செவிக்கு இனிய தற்செயல், அவ்வளவே.) அதில் 7 அங்குல விட்டம் வரையுள்ள பொருளைச் சுழற்றலாம். 2011ல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது, பழைய எம்.எல். 7 கைமாறிக் கைமாறி இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது.

இனி, செய்யும் முறைக்கு வரலாம். அஞ்சலில் வந்த பெட்டியைத் திறந்தால் கிடைப்பது சாம்பல் நிறத்தில் சில கட்டிகள். வார்ப்பிரும்பின் மேற்புறம் மணல் ஒட்டிய கடுந்தோல். உட்புறமோ ஓரளவு மென்மையானது. அச்சத்தால் மெல்லச் சீவத் தொடங்குபவர் அந்தத் தோலின்மீதே உளியை உரசி அதன் கூரை அழித்துவிடுகிறார். முதல் வெட்டே தோலுக்கு அடியில் ஆழமாகச் செல்லவேண்டும் என்பது பழகியோர் சொல்லும் முதல் அறிவுரை. எஃகைக் கடைந்தால் சீவல் நீலநிறச் சுருளாக நீளும்; பித்தளை பொறிபோல் சிதறும்; வார்ப்பிரும்பு சுருளாது, கரிய தூளாக உதிரும். வேலை முடிந்தபின் கையில் அக்கரி இருநாள் நிற்கும்.

அடுத்தது பிடிப்பு. வேலையின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. உருளையின் உட்புறம் ஒரே நேராக இருக்கவேண்டும். அதன் முனைமுகம் அந்த உட்புறத்துக்குச் சரிசெங்குத்தாக இருக்கவேண்டும். இரண்டையும் தனித்தனியே செய்து பின்னர் அளந்து சரிபார்ப்பது கடினம். ஆகவே வார்ப்பை லேத்தின் சக்கில் ஒருமுறை இறுகப் பிடித்தபின், அதை அவிழ்க்காமலே உட்புறத்தையும் குடைந்து, முகத்தையும் சீவி முடிக்கவேண்டும். ஒன்றுக்கொன்று உறவுள்ள பரப்புகளை ஒரே பிடிப்பில் முடி என்பதே விதி. ஒருமுறை அவிழ்த்து மீண்டும் பிடித்தால், எவ்வளவு கவனமாயினும், பழைய மையம் திரும்ப வராது. எந்திரத்தின் தூணுக்கும் இதே விதிதான். தூணின் உள்ளே பிஸ்டன் தண்டின் கீழ்முனை வழுக்கி ஓடுவதற்கு ஒரு குடைவு உண்டு. உருளை அமரும் மேல்முகமும் அக்குடைவும் ஒரே பிடிப்பில் முடிக்கப்பட்டிருந்தால் பிஸ்டன் தடையின்றி ஏறி இறங்கும். இல்லையேல் எந்திரம் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் திணறும். அந்தத் திணறலை எண்ணெய் விட்டுத் தீர்க்க முடியாது. ஒரு கவிதையை ஓரமர்வில் எழுதி முடிப்பதா, பல நாட்கள் வைத்துத் திருத்துவதா என்று கவிஞர்களிடையே நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. பட்டறையில் அந்த வழக்குக்கு இடமில்லை: உறவுள்ளவை ஒரே பிடிப்பில், மற்றவை என்று வேண்டுமானாலும்.

குடையும் உளி, உருளைக்குள் நீளும் மெல்லிய தண்டின் முனையில் இருக்கிறது. இரும்பை வெட்டும்போது அத்தண்டு மயிரிழை அளவு வளைந்து பின்வாங்குகிறது. எனவே உளியை மேலும் முன்னே செலுத்தாமல், இருந்த நிலையிலேயே மீண்டும் ஒருமுறை ஓட்டவேண்டும். வெட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆயினும் சிறிது தூள் உதிரும். மீண்டும் ஓட்டினால் மேலும் சிறிது. தூள் உதிர்வது நிற்கும்வரை ஓட்டுகிறவரே நல்ல வேலைக்காரர். இங்கே அளவுக்கு அலகு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் கனம் ஏறக்குறைய அவ்வலகில் மூன்று. பெரிய எந்திரங்களின் கதை வேறாயிருந்தது. 1776ல் மாத்யூ போல்டன், ஜான் வில்கின்சன் குடைந்து தந்த 50 அங்குல உருளையைப் புகழ்ந்தபோது, எவ்விடத்தும் ஒரு பழைய ஷில்லிங் காசின் கனத்துக்கு மேல் பிழையில்லை என்று வியந்தார். அந்தக் காசின் கனம் முக்கால் அங்குல உருளையில் பிழையாக விழுந்தால் எந்திரமே இல்லை.

கிராங்க் தண்டு, பிஸ்டன், மூடிகள் ஆகியவற்றை விரைந்து கடந்துவிடலாம். பொறுமை தவிர அவை புதிதாக எதையும் கேட்பதில்லை. வால்வு அப்படியன்று. உருளையின் பக்கவாட்டு முகத்தில் மூன்று சிறு வாய்கள் உண்டு. இருபுறத்து வாய்கள் உருளையின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் செல்கின்றன. நடுவாய் வெளியே திறக்கிறது. கவிழ்த்த சிறு பெட்டிபோன்ற வால்வு இம்மூன்றின்மேல் முன்னும் பின்னும் வழுக்குகிறது. ஒரு வாய் வழியே புது நீராவி நுழையும்போது, மறுமுனையில் வேலை முடிந்த நீராவி பெட்டியின் குடைவு வழியே நடுவாய்க்கு வந்து வெளியேறுகிறது. வால்வின் அடிமுகத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் நுண்பொடி இட்டுத் தேய்த்து மட்டமாக்குவர். அதன் நடையைக் கிராங்கின் நடைக்குக் கால்சுற்றும் அதற்குமேல் சிறிதும் முந்துமாறு அமைக்கவேண்டும். பிஸ்டன் முனையை அடைந்தபின் வாய் திறந்தால் காலம் கடந்துவிட்டது. அடையுந் தறுவாயில் திறக்கத் தொடங்கவேண்டும். கண்ணால் காணமுடியாத இந்தச் சிறு முந்துகையே எந்திரத்தின் ஓட்டத்துக்குத் தாளமாகிறது.

எல்லாம் பூட்டியபின் எந்திரம் இறுக்கமாக இருக்கும். அதையே லேத்தில் பிடித்துச் சற்றுநேரம் எண்ணெயோடு சுழலவிட்டு உறுப்புகளைப் பழக்குவதுண்டு. பின்னர் அழுத்தக் காற்றைச் செலுத்திப் பார்ப்பர், ஓடிவிடும். மகிழ்ச்சிதான். ஆனால் காற்று எதையும் மன்னிக்கும். நீராவி மன்னிப்பதில்லை.

முதன்முதலாக நீராவி திறக்கப்படும் வேளையில் நிகழ்வது வியப்பானது. எந்திரம் ஓடுவதில்லை, கொப்பளிக்கிறது. குளிர்ந்த இரும்பைத் தொட்ட நீராவி உடனே நீராகி, எண்ணெயோடு கலந்து வெளியேறும் குழாயில் துப்புகிறது. சக்கரத்தை விரலால் தள்ளிவிட்டால் அரைச்சுற்றுச் சுற்றி நிற்கிறது. உருளையில் தேங்கிய நீரை வடித்து, மீண்டும் தள்ளி, மீண்டும் வடித்து, உருளை கைபொறுக்காத சூட்டுக்கு வந்தபின்னரே எந்திரம் தானாக ஓடத் தொடங்குகிறது. கொதிகலனில் கொதித்த நீரில் ஒரு பெரும்பங்கு சக்கரத்தைச் சுழற்றாமலே உருளையின் சுவரைச் சுடுவதில் கழிந்துவிட்டது. செய்தவர் முதலில் தம் கைவேலையில் குற்றம் தேடுவார். குற்றம் கைவேலையில் இல்லை.

இந்தக் காட்சியை 1763ஆம் ஆண்டு தொடங்கிய குளிர்காலத்தில் ஒருவர் கண்டார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கருவி செய்பவராகிய ஜேம்ஸ் வாட். பேராசிரியர் ஜான் ஆண்டர்சனின் வகுப்புக்குரிய நியூகோமென் எந்திரத்தின் சிறு மாதிரி பழுதாகி அவரிடம் வந்திருந்தது. 1712 முதல் சுரங்கங்களில் நீர் இறைத்துவந்த பேரெந்திரத்தின் வகுப்பறைச் சிற்றுரு அது. உருளையின் விட்டம் 2 அங்குலம், நடை 6 அங்குலம். வாட் அதைச் செம்மையாகப் பழுதுபார்த்தார். ஆனாலும் சில அடிகள் அடித்ததும் அது நின்றுவிட்டது. கொதிகலன் போதிய அளவினதாகவே தோன்றியது. இருந்தும் அதன் நீராவி போதவில்லை. அதே அமைப்புடைய பேரெந்திரமோ சுரங்க வாயில்களில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. பெரியது ஓட, அதன் சரியான சிறு உரு ஏன் ஓடவில்லை?

வேறு யாராயினும் மாதிரிதானே என்று விட்டிருப்பர். வாட் விடவில்லை. நியூகோமென் எந்திரத்தில் ஒவ்வோர் அடிக்கும் உருளைக்குள் குளிர்நீரைத் தெளித்து நீராவியைச் சுருக்குவர். அப்போது உருளையின் சுவரும் குளிர்ந்துவிடும். அடுத்த அடிக்கு வரும் நீராவி முதலில் அச்சுவரைச் சுடவைத்தாக வேண்டும். பெரிய உருளையிலும் இந்த இழப்பு உண்டு. ஆனால் அங்கே கொள்ளளவோடு ஒப்பிட்டால் சுவரின் பரப்புக் குறைவு. சிறிய உருளையில் அப்பரப்பு மிகுதி. ஓர் எந்திரத்தை எல்லா அளவிலும் பத்தில் ஒன்றாக்கினால், சுவரின் பரப்பு நூறில் ஒன்றாகும். கொள்ளளவோ ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். உள்ளிருக்கும் நீராவிக்கு விகிதத்தில் பத்துமடங்கு சுவர் எதிரே நிற்கும். பேரெந்திரத்தில் ஐம்பதாண்டுகள் மறைந்திருந்த குற்றத்தைச் சிற்றெந்திரம் மறைக்க இயலாமல் காட்டிக்கொடுத்தது. 1765ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோவின் புல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது வாட்டுக்குத் தீர்வு தோன்றியது: உருளையை எப்போதும் சூடாகவே விட்டுவிட்டு, நீராவியை வேறொரு கலத்தில் கொண்டுபோய்க் குளிர்விப்பது. 1769ல் அதற்கு உரிமம் பெற்றார். அதன்பின் நடந்தவை வரலாற்று நூல்களில் உள்ளன. ஓடாத அந்தச் சிறு மாதிரி கிளாஸ்கோவின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். சிறியது பெரியதன் குறைந்த வடிவம் என்பது நிழற்படத்துக்குப் பொருந்தும். இயங்கும் எந்திரத்துக்குப் பொருந்தாது. இரும்பைச் சிறிதாக்கலாம், நீரையும் தீயையும் சிறிதாக்க முடியாது. சிற்றெந்திரத்துக்கென்று சிறிய நீர்த்துளியோ, மென்மையான தீயோ கிடையாது. கொதிகலனில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக்குழலை விகிதப்படி மெலிதாக்கினால், நீர் குழலின் சுவரைப் பற்றி ஏறி நின்று பொய்யான மட்டத்தைக் காட்டுகிறது. தீயின் வெப்பம் செல்லும் குழாய்களை விகிதப்படி சிறிதாக்கிப் பலவாக்கினால் அவை கரியால் அடைபடுகின்றன. ஆகவே குழாய்களைக் குறைத்து, விகிதத்துக்கு மேல் பெரிதாக்கவேண்டும். திருகுகளை விகிதப்படி செய்தால் முடுக்கும்போதே முறிந்துவிடும். முடுக்கும் விரல் சிறிதாகவில்லை அல்லவா! குறட்பா ஏழு சீரில் நிற்பதை அகவலின் சுருங்கிய உரு என்று யாப்பறிந்தோர் எவரும் கருதுவதில்லை. அதற்குத் தனித் தளை, தனி முடிபு. நீண்ட கவிதையில் ஓரடி தளர்ந்தால் மற்ற அடிகள் தாங்கிக்கொள்ளும். ஈற்றுச்சீர் தளர்ந்த குறளைத் தாங்க அங்கே எவரும் இல்லை.

இக்கருத்து இங்கிலாந்தின் கொட்டகைகளிலும் ஒரு சண்டைக்குப் பிறகே நிலைபெற்றது. 1920களின் தொடக்கத்தில், சிறு ரயில் எந்திரம் மெய்யான நிலக்கரித் தீயால் ஆளை இழுக்குமளவு வேலை செய்யாது, சாராய விளக்கே அதற்கு ஏற்றது என்று பெயர்பெற்ற வடிவமைப்பாளர்கள் வாதிட்டனர். அதை மறுத்தவர் கர்லி லாரன்ஸ். 1883ல் பிறந்து, லண்டன், பிரைட்டன், தென்கரை ரயில்வேயில் வேலைபார்த்தவர். அந்த ரயில்வேயின் முதலெழுத்துகளாகிய எல்.பி.எஸ்.ஸி. என்பதையே புனைபெயராகக் கொண்டு எழுதினார். இரண்டரை அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும் ‘ஆயிஷா’ என்ற அவரது எந்திரம், 1924ல் நிலக்கரித் தீயால் தன்னைவிடப் பன்மடங்கு எடையுள்ள மனிதரை இழுத்துக் காட்டியது. இதழின் பக்கங்களில் நடந்த விவாதத்தைத் தண்டவாளம் தீர்த்துவைத்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் அவர் எழுதியவை, பட்டறைக்கு வந்த நண்பரோடு பேசுவது போன்ற நடையின. தம் விளக்கத்தையும் வரைபடத்தையும் சேர்த்துச் ‘சொல்லும் இசையும்’ என்று குறிப்பிடுவது அவர் வழக்கம். இயற்கையை விகிதப்படி சுருக்க முடியாது என்பது அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்தியது. 1967ல் மறைந்தார்.

இதுவரை சொன்னவற்றில் தோல்வி என்றால் எந்திரம் ஓடாது என்பது மட்டுமே. கொதிகலனில் தோல்வி என்றால் உயிருக்கு ஆபத்து. வீட்டில் செய்யும் கொதிகலன் பெரும்பாலும் செப்புத் தகட்டால் ஆனது. மூட்டுகளை வெள்ளி கலந்த பற்றாசால் சுமார் 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றி இணைப்பர். சாதாரண ஈயப் பற்றாசு எளிது. ஆனால் கொதிகலனில் நீர் வற்றிவிட்டால் அது உருகி மூட்டு பிரிந்துவிடும். அழுத்தத்தில் அடைபட்ட சுடுநீர் விடுபடும்போது ஒரே கணத்தில் நீராவியாகிப் பொங்கும். ஆகவே பிரித்தானியாவின் மாதிரிப் பொறியாளர் சங்கங்களில் ஒரு முறை உண்டு. புதிய கொதிகலன் தீயைக் காண்பதற்கு முன்பே, சங்கம் நியமித்த சோதகர் அதனுள் குளிர்நீரை நிரப்பி, அது வேலைசெய்யவேண்டிய அழுத்தத்தைப் போல் இருமடங்கு அழுத்தம் தந்து பார்ப்பார். காற்றால் சோதிப்பதில்லை, காற்று சுருங்கி விசையைச் சேமிக்கும், கலம் உடைந்தால் வெடிக்கும். நீர் ஏறக்குறையச் சுருங்காது; மூட்டு விட்டால் ஒரு கசிவு, ஒரு பீச்சல், அவ்வளவோடு நின்றுவிடும்.

இந்த ஏற்பாட்டில் கருதத்தக்கவை இரண்டு. சோதகர் பகைவரல்லர், பெரும்பாலும் வாரந்தோறும் உடன் அமர்ந்து தேநீர் அருந்தும் நண்பர். ஆயினும் அழுத்தமானி கீழிறங்கினால் நட்பைக் கருதிச் சான்றிதழ் தரமாட்டார். செய்தவரும் வருந்தி முகம் திருப்பமாட்டார். கொதிகலனை வீட்டுக்கு எடுத்துச்சென்று கசிந்த மூட்டை மீண்டும் சூடேற்றுவார். இரண்டாவது, சோதனை தீக்கு முன்பு நடக்கிறது. ஊர்கூடி வேடிக்கை பார்க்கும் நாளில் கசிவு தெரியவந்தால் யாருக்கும் பயனில்லை. நூல் வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தியபின் திறனாய்வு தொடங்கும் நம் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது அவையோர் விருப்பம்.

இலக்கிய அவையாதலால் ஒரு நாவலையும் சொல்லவேண்டும். ஆங்கில நாவலாசிரியர் நெவில் ஷூட், தொழிலால் வானூர்திப் பொறியாளர்; ஆர்.100 என்ற வான்கப்பலின் கணக்கீட்டுப் பணியில் தலைமை வகித்தவர். அவர் 1960ன் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் மறைந்தார். கடைசி நாவலாகிய ‘டிரஸ்டீ ஃப்ரம் தி டூல்ரூம்’ அதே ஆண்டில் வெளிவந்தது. அதன் நாயகன் கீத் ஸ்டூவர்ட், லண்டனின் மேற்கு ஈலிங் பகுதியில் ஒரு சிறிய வீட்டின் கீழ்த்தளப் பட்டறையில் மாதிரி எந்திரங்கள் செய்து, அவற்றைச் செய்யும் முறையைப் பற்றி ஓர் இதழில் எழுதி, மிகச் சொற்ப வருவாயில் வாழ்பவன். தங்கையும் அவள் கணவனும் பசிபிக் கடலில் படகு உடைந்து இறந்துபோக, அவர்களுடைய மகளின் பொறுப்பு இவனிடம் வருகிறது. அவளுக்குரிய செல்வம் வைரங்களாக அந்தப் படகின் அடியில் புதைந்து கிடக்கிறது. பெட்டியை அங்கே பொருத்திக் கொடுத்தவனும் இவனே. கையில் பணமில்லாத இவன் பாதி உலகைக் கடந்து அங்கே போகவேண்டும். போகும் வழியெல்லாம் உதவுகிறவர்கள் அவனுடைய வாசகர்கள். அமெரிக்க மேற்குக்கரையின் பெருஞ்செல்வரான மர வணிகர் ஒருவர், இவன் எழுதிய தொடரைப் பார்த்துத் தம் கையாலேயே ஒரு கடிகாரம் செய்துகொண்டிருக்கிறார்; அதில் சிக்கிக்கொண்டு இவனுக்கே கடிதம் எழுதியவர்.

நாவலின் நடை எளியது. திறனாய்வாளர்கள் பெரிதும் மதித்த எழுத்தாளருமல்லர் ஷூட். ஆனால் ஒன்றை அவர் சரியாகப் பிடித்திருக்கிறார். அந்த வாசகர்கள் கீத்தை நம்புவது அவன் அழகாக எழுதுவதால் அன்று. அவன் அச்சேற்றிய ஒவ்வோர் அளவும் முதலில் அவன் கையில் உலோகமாக ஆகிப்பார்த்த அளவு. வரைபடத்தில் பிழை ஒன்று நுழைந்தால், எங்கோ ஒருவர் ஆறுமாத உழைப்பில் செய்த துண்டு குப்பைக்குப் போகும் என்ற அச்சத்தோடு எழுதியவன் அவன். தன் சொல்லைப் பின்பற்றி வேறொருவர் இரும்பை வெட்டப்போகிறார் என்ற அச்சம் எழுதுகிறவனுக்கு இருப்பது அரிது.

இறுதியாக ஒரு செய்தி. அஞ்சலில் வாங்கிய வார்ப்புகள் எல்லாம் எந்திரமாகிவிடுவதில்லை. பல, பாதி கடையப்பட்ட நிலையில் மேசையறைகளில் கிடக்கின்றன. தொடங்கியவர் முதுமையடைந்தோ மறைந்தோ போனபின், எண்ணெய்த் தாளில் சுற்றிய அத்துண்டுகள் வரைபடத்தோடு விற்பனைக்கு வருகின்றன. வரைபடத்தில் முன்னவரின் பென்சில் குறிப்புகள் இருக்கும். சில அளவுகள் அடித்துத் திருத்தப்பட்டிருக்கும். வாங்கியவர் உடனே வெட்டத் தொடங்குவதில்லை. முதலில் ஒவ்வொரு துண்டையும் எடுத்துத் துடைத்து, அளந்து, முன்னவர் கை எங்கே நின்றது, எந்த முகத்தை நம்பலாம், எதை மீண்டும் சீவவேண்டும் என்று தாளில் குறித்துக்கொள்கிறார். குடைவு ஓர் இழை பெரிதாகிவிட்டிருந்தால் வார்ப்பை எறிந்துவிடுவதில்லை. அந்தக் குடைவின் அளவுக்கு ஏற்பப் புதிய பிஸ்டன் ஒன்றைக் கடைகிறார். வரைபடம் சொன்ன முக்கால் அங்குலம் அதன்பின் அந்த எந்திரத்துக்குப் பொருந்தாது. அவர் பழைய அளவை அடித்து, அதன் பக்கத்தில் புதியதைத் தம் பென்சிலால் எழுதிவைக்கிறார்.